சாலையைப் பார்க்காதவர்

அவர் டவுன் பஸ் கண்டக்டர். பெயரை எழுதப் போவதில்லை. இன்னும் வேலையில் இருக்கிறார், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல உயரம். வலது தோளில் பை வார் அழுத்தி அழுத்திக் காக்கிச் சட்டை அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருக்கும். பெரியார் பஸ் நிலையத்தில் நின்று அவர் “பசுமலை, திருநகர், கப்பலூர்” என்று கூப்பிட்டால் எதிர்ச் சாரியில் காப்பி ஆற்றுகிறவர் கை ஒரு கணம் நிற்கும். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரலுக்குரிய மனிதர் ஞாயிறு காலைகளில் முக்கால் மணி நேரம் சிறிதும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஆறு வருஷம் அதைப் பார்த்தவன் நான்.

மேலவெளி வீதியை ஒட்டிய சந்தில் ஓர் எண்ணெய்க் கடையின் மாடியில் எங்கள் தியான வட்டம் கூடும். எழுபதுகளின் பிற்பாதியில் தொடங்கியது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்தான் அதற்குத் தலைவர். பத்தொன்பது, இருபது பேர் வருவார்கள். காலை ஆறே காலுக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். பிறகு ஆசிரியர் கால் மணி நேரம் சரணாகதியைப் பற்றிப் பேசுவார். நான் செயலாளர். வருகைப் பதிவு, குறிப்பேடு, கைக்கடிகாரம், சிறிய பித்தளை மணி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் என் பொறுப்பு.

விதிகளை எழுதியதும் நான்தான். ஏழு விதிகள். நான்காவது விதி இது: தியானம் முடியும்வரை எக்காரணம் கொண்டும் யாரையும் கூப்பிடவோ தொட்டு எழுப்பவோ கூடாது. ஆழ்ந்து உட்கார்ந்திருப்பவரைத் திடீரென்று எழுப்பினால் நரம்பு அதிர்ந்துபோகும் என்று ஆசிரியர் உறுதியாக நம்பினார். ஆரம்ப நாளில் ஓர் அம்மாளை யாரோ தோளைத் தொட்டு எழுப்ப, அவருக்கு இரண்டு நாள் கை நடுங்கியதாம். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

நேரம் பார்க்கிறவன் கண்ணை மூட முடியாது. எனவே நான் மற்றவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நகைக்கடைக்காரர் ஒருவருக்கு மூடிய இமைக்குள் விழி ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இருபதாவது நிமிஷத்தில் தூங்கிவிடுவார். கண்டக்டர் முகம் மட்டும், துவைத்து உதறிக் காயப்போட்ட வேட்டி போல, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். பொறாமையும் உண்டு. வீட்டில் தனியாக நானும் தினமும் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது நிமிஷத்தில் அலுவலகக் கோப்பு ஒன்று வந்து நிற்கும்.

எப்படி முடிகிறது என்று ஒரு நாள் அவரையே கேட்டேன். அவரைவிட எனக்கு இரண்டு வயதுதான் அதிகம். இருந்தாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“அண்ணே, பஸ்ல நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்?”

பயணிகளைப் பார்த்து என்றேன்.

“ரோடு எந்தப் பக்கம் இருக்கு?”

“முதுகுக்குப் பின்னால.”

“பதினோரு வருசமா ரோட்டப் பாக்காமத்தான் கப்பலூர் போயிட்டு வாரேன். டிரைவர் பாத்துக்கிறாரு. வீட்டுலயும் அப்பிடித்தானேன்னு ஒரு நா தோணுச்சு. அம்புட்டுத்தாண்ணே, வேற ஒண்ணுமில்ல.”

ஆசிரியர் இரண்டு வருஷமாகப் பேசியும் எனக்குள் இறங்காதது அன்று இறங்கியது. அதை நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

சும்மா உட்கார்ந்துவிடுகிற ஆள் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. ஒரு நாள் கப்பலூர் தொழிற்பேட்டைக்கு இரண்டு மைல் இருக்கும்போது அவருடைய பஸ் நின்றுவிட்டது. நான் அன்று அலுவலக வேலையாக அதில் போய்க்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஷிப்டுக்குப் போகிறவர்கள். நேரத்துக்குப் போகாவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் இறங்கி, வெயிலில் நடு ரோட்டில் நின்று, மூன்று லாரிகளை மறித்தார். மூன்றாவது லாரிக்காரர் சம்மதித்தார். பாதிப் பேரை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, பஸ் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மிச்சமிருந்தவர்களில் ஓர் இளவட்டம் சும்மா இருக்கவில்லை.

“என்ன சாமியாரே, கண்ண மூடுனா வண்டி கிளம்பிருமா?”

“கிளம்பாது மாப்ள,” என்றார் கண்ணைத் திறக்காமலே. “நீ கத்துனாலும் கிளம்பாது. உனக்குத் தொண்ட வலிக்கும், எனக்கு வலிக்காது.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேட்டவனும் சிரித்தான்.

அவர் மனைவிக்கு இதிலெல்லாம் பெரிய மதிப்பு இல்லை. மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் சாமிகிட்ட விட்டாச்சுங்காரு. சாமியா வந்து கியூவுல நிக்கிது, நான்தானண்ணே நிக்கிறேன்?” என்றார். அன்றைக்குத்தான், வரிசை நகரும் வரை, கணவருடைய தகப்பனார் விஷயத்தையும் சொன்னார்.

தகப்பனார் திருவாதவூரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி. இவர் ஒரே மகன், அடுத்து ஒரு தங்கை. நிலத்தை விட்டுவிட்டு மகன் கண்டக்டர் வேலைக்குப் போனது பெரியவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவன் வண்டியில் நின்றுகொண்டே பிழைக்கப் போகிறாயா என்று கேட்டவர், நானாகக் கூப்பிடும்வரை வாசற்படி மிதிக்காதே என்றும் சொல்லிவிட்டார். தங்கை கல்யாணத்தன்று இவர் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாராம். இடையில் ஒரு தடவை, அப்பா கூப்பிடுகிறார் என்று உறவுக்காரர்கள் நல்லெண்ணத்தில் ஒரு பொய் சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு யார் சொன்னாலும் இவர் போவதில்லை.

“மத்ததெல்லாம் விட்டுட்டாருண்ணே. அவுக அப்பாவ மட்டும் விட முடியல. தூக்கத்துலகூட அந்தப் பேச்சுதான்,” என்றார் அந்த அம்மாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஆறு முப்பத்து மூன்றுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை மெல்ல எடுத்துக் கால்வாசி திறந்தேன். வெளியே வியர்த்து வழிய ஒருவர் நின்றார். கையில் மடித்த காகிதம். பேச வாயெடுத்தார். நான் என் உதட்டில் விரலை வைத்தேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பத்தொன்பது பேர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், ஊதுவத்தி புகைகிறது. கோயில் கருவறைக்கு முன்னால் வந்துவிட்டவர் மாதிரி சட்டென்று தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் காகிதத்தை நீட்டி, கண்டக்டரைக் கையால் காட்டினார்.

நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். தங்கை எழுதியிருந்தாள். “அண்ணனுக்கு, அப்பா உன்னை வரச் சொல்லுது. யாரும் சொல்லிக் குடுக்கல, அதுவே வாயத் தொறந்து சொல்லுச்சு. உடனே வா.”

கொண்டுவந்தவர் தங்கையின் புருஷன் என்று பிறகு தெரிந்தது. வாயால் சொன்னால் அண்ணன் நம்ப மாட்டான் என்று அவள் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். எழுதாததை அவர் வாயால் சொல்லியிருப்பார். என் விரல்தான் அதைத் தடுத்தது. நான் கடிகாரத்தைக் காட்டி, ஏழு மணி என்று விரல்களால் சொல்லி, கீழே காத்திருக்கும்படி சைகை செய்தேன். அவர் தலையாட்டினார். சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் தாழ்ப்பாளைப் போட்டேன். சீட்டை மணிக்கு அடியில் வைத்தேன்.

நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்துத் தகப்பன் மகனைக் கூப்பிடுகிறார், இருபத்தேழு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நான்காவது விதியையும் நினைத்தேன். இவை இரண்டும் உண்மை. மூன்றாவது ஒன்றும் உண்டு. அவரால் விட முடியாத ஒரே விஷயம் என் கையில் இருந்தது. மணி அடித்ததும், எல்லோருக்கும் முன்னால், நானே அதை அவரிடம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்தச் சுருக்கமில்லாத முகம் அப்போது என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இருபத்தேழு நிமிஷமும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு மணி அடித்தேன். சீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“எப்பண்ணே வந்துச்சு?”

“இப்பத்தான்.”

அது திட்டமிட்டுச் சொன்னதல்ல. வாய் முந்திக்கொண்டது. அவர் எழுந்து ஓடினார். மற்றவர்கள் விஷயம் கேட்டு மகிழ்ந்தார்கள், ஆசிரியர் கைகூப்பினார். நான் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். மைத்துனர் ஏதோ சொன்னார். கண்டக்டரின் கால் ஒரு நொடி நின்றது. பிறகு இரண்டு பேரும் பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடினார்கள். நல்ல செய்திக்கு யாரும் அப்படி ஓடுவதில்லை. எனக்கு அப்போது விளங்கியது.

அன்று மாலை பஸ் நிலையத்தில் விசாரித்தேன். திருவாதவூர் பஸ் ஒன்று ஆறு ஐம்பதுக்குப் போயிருக்கிறது. மாடியிலிருந்து அந்த இடத்துக்கு ஆறு நிமிஷ நடை. அடுத்த பஸ் எட்டு ஐந்துக்கு. அவர்கள் ஊர் போய்ச் சேரும்போது ஒன்பதேகால். பெரியவர் எட்டரைக்கு இறந்துவிட்டார். அதற்கு முன் மூன்று தடவை வந்துவிட்டானா என்று கேட்டாராம். இதைப் பின்னால் கண்டக்டரின் மனைவி சொன்னார்.

இதை எழுதுவதற்காக அன்றைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வருகை பத்தொன்பது, லேசான மேகமூட்டம், ஆசிரியர் பேச்சின் சாரம், ஆறு ஐம்பது பஸ், எட்டு ஐந்து பஸ் எல்லாம் இருக்கின்றன. சீட்டு வந்தது என்றும் இருக்கிறது. எத்தனை மணிக்கு என்று இல்லை. நேரம் எழுதாமல் நான் எதையும் எழுதுவதில்லை.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாவது ஞாயிறு, மொட்டைத் தலையோடு வந்தார். ஆசிரியர் விசாரித்தபோது எழுந்து நின்று, “அப்பா தேடுன நேரத்துல நான் சாமிகிட்ட உக்காந்திருந்தேன். அது அப்பிடி நடக்கணும்னு இருந்திருக்கு. ஏத்துக்கிட்டேன்,” என்றார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆசிரியருக்கு அது பிடித்துப்போனது. புதிதாக யார் வந்தாலும் சரணாகதிக்கு உதாரணமாக இதைச் சொல்ல ஆரம்பித்தார். சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதுவது செயலாளர் வேலை. மூன்று வருஷத்தில் பதினான்கு முறை எழுதியிருக்கிறேன்.

மைத்துனர் சொல்லியிருக்க மாட்டாரா என்ற கேள்வி எனக்கு வராமல் இல்லை. வாரா வாரம் வரும். ஆனால் கண்டக்டர் என்னிடம் முன்போலவே பேசினார். முன்போலவே பஸ்ஸில் பார்த்தால் வாங்கண்ணே என்று இடம் காட்டினார். சரி, சொல்லவில்லை போலிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவருடைய நிம்மதி போய்விடும், அவருக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்றும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். அதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிறு, ஆறு நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். நகைக்கடைக்காரர் பெயரைச் சொல்லி ஒருவர் கேட்டார். முழுதும் கேட்காமலே நான் ஓடிப்போய் நகைக்கடைக்காரரைத் தோளைப் பிடித்து உலுக்கினேன். வந்தவர் லாரிக்காரர். கீழே எண்ணெய் டின் இறக்குவதற்கு இடைஞ்சலாக நின்ற ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி வந்திருக்கிறார். எல்லோரும் கண் விழித்துவிட்டார்கள். நகைக்கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “விதிய எழுதுன ஆளே இப்பிடிச் செஞ்சா எப்பிடி சார்?” என்று கேட்டார். ஆசிரியர் முகம் சுளித்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பிறகு குனிந்துகொண்டார்.

அந்த வாரம் புதன்கிழமை மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துப் பெரியார் நிலையத்துக்குப் போனேன். பஸ் காலியாக நின்றது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். கண்டக்டர் கடைசி இருக்கையில் உட்கார்ந்து தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாங்கண்ணே, ஒரு வாய் சாப்பிடுறீகளா என்றார். நான் முன் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, மூன்று வருஷமாக மனதில் எழுதித் திருத்திய வாக்கியங்களை எல்லாம் விட்டுவிட்டு, நேரத்தை மட்டும் சொன்னேன்.

“அன்னைக்குச் சீட்டு ஆறு முப்பத்து மூணுக்கு வந்துருச்சு.”

கையில் எடுத்த உருண்டையைச் சாப்பிட்டு முடித்தார்.

“தெரியும்ணே.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. மச்சான் கீழ நின்னாருல்ல? முதல்ல அதத்தான் சொன்னாரு.”

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். கேட்டால் போன பஸ் திரும்பி வருமா என்றார். டப்பாவை மூடினார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கழுவினார். என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“என்ன எழுப்பாதது உங்க விதிண்ணே. அத சாமி கணக்குல வச்சுட்டேன், கஷ்டப்பட்டுத்தான் வச்சேன். இப்பத்தான்னு ஒரு வார்த்த சொன்னீங்க பாருங்க, அத எங்கிட்டு வைக்கன்னுதான் தெரியல. சாமி பொய் சொல்லுமா?”

டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டே மேலும் சொன்னார்.

“அதனாலதான் எல்லாருக்கும் முன்னால ஏத்துக்கிட்டேன்னு சொன்னேன். சொன்னா ஆயிரும்னு நெனச்சேன். நீங்களும் எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்தேன். நீங்க நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தீக.”

“இன்னும் ஆகலையா?”

“கண்ண மூடுனாப் போயிருதுண்ணே. தொறந்தா எதிர்ல நீங்க உக்காந்திருக்கீங்க.”

டிரைவர் வந்துவிட்டார். மதிய ஷிப்டுக்காரர்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர் பையை மாட்டிக்கொண்டு எழுந்து, அதே பெரிய குரலில் பசுமலை, திருநகர், கப்பலூர் என்றார். நான் இறங்கிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று விடியும்வரை யோசித்தேன். ஆறு மணிக்கு மாடியில் இருந்தேன். கடிகாரத்தையும் மணியையும் டீச்சரிடம் கொடுத்து, இன்று ஒரு நாள் நீங்கள் பாருங்கள் என்றேன். எப்போதும் உட்காரும் இடத்திலேயே, அவருக்கு நேரெதிரே, உட்கார்ந்தேன். அந்த மாடியில் முதல் தடவையாகக் கண்ணை மூடினேன். உள்ளே அமைதி எதுவும் வரவில்லை. எண்ணெய் வாசமும், கீழே யாரோ படியேறுவது போன்ற சத்தமும்தான் வந்தன. யாரும் ஏறவில்லை.

மணி அடித்தது. புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரணாகதி என்றால் என்ன என்று ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே, நம் வட்டத்தில் ஓர் அன்பர் இருக்கிறார், அவருடைய தகப்பனார் என்று அந்தக் கதைக்கு வந்துவிட்டார். குறிப்பேடு என் மடியில் இருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. பஸ் நிறையக் கூட்டம் இருக்கும்போது, டிக்கெட் எடுக்காத ஒருவன் தானாகவே சொல்லட்டும் என்று நிற்பாரே, அந்தப் பார்வை.

நான் எழுந்து நின்றேன். ஆசிரியர் பாதியில் நிறுத்தினார். சீட்டு வந்த நேரத்தைச் சொன்னேன், வந்தவரை வாயைத் திறக்கவிடாமல் செய்ததைச் சொன்னேன், இப்பத்தான் என்று நான் சொன்னது பொய் என்பதைச் சொன்னேன். எதற்காகக் காத்திருந்தேன் என்ற மூன்றாவது காரணத்தை முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. யாரோ ஒரு பெண் அடப்பாவி என்றது கேட்டது.

நான் சொல்லி முடிக்கும்வரை கண்டக்டர் கண்ணை மூடவில்லை.